சம்பந்தி வீட்டுக் குளியலறைத் தரை குறித்து

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய சம்பந்தி அவர்கள் சமூகத்துக்கு,

வணக்கம். இங்கே நான் நலம், வீட்டில் நலம், மகளும் ஏறக்குறைய நலம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலி தணிந்ததா? என் வீட்டுக்காரி விசாரிக்கச் சொன்னாள் என்று எழுத வேண்டியது முறை. அவள் சொல்லவில்லை. ஆனாலும் விசாரித்ததாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் என்றால் தாங்கள் நடுவில் ஏதாவது கேட்பீர்கள், நான் பதில் சொல்ல வேண்டிவரும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. மன்றக் கூட்டத்திலும் நான் எழுதி வைத்துப் படிக்கிறவன்தான். நிமிர்ந்து பார்த்தால் யாராவது கை தூக்கியிருப்பார்கள்.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். என் மகள், அதாவது தங்கள் மருமகள், போன வாரம் முதல் இங்கே என் வீட்டில் இருக்கிறாள். தங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்தது தவறு. அதைத் தவறு என்று முதலில் சொன்னவன் நான்தான் என்பதைத் தாங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பெற்றவன் தூண்டிவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டான் என்று அங்கே நாலு பேர் பேசக்கூடும். பேசுகிறவர்களுக்கு என்னைத் தெரியாது. தங்களுக்கும் கல்யாணத்தன்று பார்த்த பழக்கம்தான். ஆகவே நான் எப்படிப்பட்ட ஆள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வார்டில் மக்கள் என்னைத் தொடர்ந்து கவுன்சிலராக அனுப்புகிறார்கள். எதற்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டால், ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு. பட்டப்பெயரே ‘வேண்டாம் கவுன்சிலர்’தான். முதலில் கேலியாக வைத்தார்கள், இப்போது தேர்தல் நோட்டீஸில் நானே போட்டுக்கொள்கிறேன். பழைய மார்க்கெட்டை இடித்துவிட்டு அடுக்குமாடிக் கடை கட்டப்போகிறோம் என்று ஒரு கம்பெனிக்காரர் வரைபடத்தோடு வந்தார். வேண்டாம் என்றேன். ஏன் என்றார். மழைக்கு ஒழுகும் கூரை என்றாலும் அதன் கீழே உட்கார்ந்திருப்பவள் யாரென்று எனக்குத் தெரியும், உங்கள் கட்டடத்தில் யார் உட்காருவார் என்று உங்களுக்கே தெரியாது என்றேன். மார்க்கெட் இன்றைக்கும் இருக்கிறது. காய்கறிக்காரிகள் எனக்குப் போடும் ஓட்டை என் வீட்டிலேயே... அது பின்னால் வருகிறது. சாக்கடை அடைத்தால் ஆள் வரும்வரை காத்திருக்காமல் நானே கம்பெடுத்துக் குத்திவிடுகிறவன். ஒருத்தரிடமும் ஒரு டீக்கு மேல் வாங்கிக் குடித்ததில்லை. இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. சம்பந்தி வீட்டில் தெரிந்திருக்கட்டும் என்று சொல்கிறேன்.

நீச்சல் குள விவகாரம் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஆணும் பெண்ணும் ஒரே குளத்தில் இறங்குவது முறையில்லை என்றேன். சரி, வாரத்தில் பாதி நாள் ஆண்களுக்கு, பாதி நாள் பெண்களுக்கு என்றார்கள். நாள் வேறுதான், தண்ணீர் அதே தண்ணீர்தானே என்று கேட்டேன். சபையில் ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. பதில் வராமலே குளம் தவளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. பூங்காவில் இளவட்டங்கள் நெருங்கி உட்காருகிறார்கள் என்று பெஞ்சுகளுக்கு நடுவில் இரும்புத் தடுப்பு வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். அதற்கப்புறம் ஒருத்தர் உட்காரும் பாதியில் இரண்டு பேர் உட்காருகிறார்கள். முன்னைவிட நெருக்கம். தடுப்பை எடுக்கவும் மனமில்லை, எடுத்தால் தோற்றதாகிவிடும்.

எதிர்க்கட்சியில் ஒரு நர்ஸம்மா கவுன்சிலர் இருக்கிறார். வீட்டை விட்டு வெளியே வந்த பெண்கள் தங்குவதற்கு ஒரு விடுதி வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். வேண்டாம் என்று நான் பேசிய பேச்சுதான் என் அரசியல் வாழ்க்கையிலேயே பெரிய கைதட்டல் வாங்கியது. தங்க இடம் இருந்தால்தான் வெளியே வரத் தோன்றும், குடையைக் கொடுத்தால் மழை தானே வரும் என்றேன். தீர்மானம் விழுந்தது. அதற்கென்று பார்த்து வைத்த கட்டடத்தில் இப்போது நகராட்சியின் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறோம். பத்திரமாக இருக்கின்றன.

விடுதி வேண்டாம் என்று சொன்னவன் மாற்று வழி காட்ட வேண்டுமா இல்லையா? காட்டினேன். என் வீட்டு முன்னறையே வார்டு ஆபீஸ். சாயங்காலம் மனு வாங்குகிற நேரத்தில் குடும்பத் தகராறுகளையும் நானே கேட்பேன். கோபித்துக்கொண்டு வந்த பெண்ணை எதிரே உட்காரவைத்து நாலு வார்த்தை சொல்லி, தேவைப்பட்டால் கூடவே போய், புருஷன் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். அந்த நாலு வார்த்தை இந்தப் பக்கத்தில் பிரசித்தம். ‘ஒரு அடுக்களையில ரெண்டு பாத்திரம் இருந்தா இடிக்கத்தாம்மா செய்யும். சத்தம் வருதேன்னு ஒண்ணைத் தூக்கித் தெருவுல வைக்க முடியுமா? தெருவுல வச்ச பாத்திரத்துல போறவன் வர்றவன்லாம் கைய விடுவான். நசுங்கினா நசுங்கட்டும், நம்ம பாத்திரம் நம்ம வீட்டுல இருக்கணும்.’ இதைச் சொன்னால் பெண்ணைப் பெற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பையன் வீட்டார் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பெண் எழுந்து பையை எடுத்துக்கொள்வாள். எத்தனை குடும்பத்தை இப்படி ஒட்டவைத்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

இப்படிப்பட்டவன் வீட்டில்தான் சம்பந்தி, போன வாரம் அது நடந்தது. மனு வாங்குற நேரம். முன்னறை பெஞ்சு நிறைய ஆள். குழாயில தண்ணி வரலைன்னு ஒருத்தர், பக்கத்து வீட்டுக்காரன் மாடிப்படியை நம்ம பக்கம் இறக்கிட்டான்னு ஒருத்தர். நான் குனிஞ்ச தலை நிமிராம எழுதிக்கிட்டே ‘அடுத்தது’ன்னு சொல்றேன். எதிர் நாற்காலியில யாரோ உட்கார்ற சத்தம். ‘என்ன பிரச்சினை, தண்ணியா, சாக்கடையா?’ன்னு கேக்கறேன். ‘குடும்பப் பிரச்சினைப்பா’ன்னு பதில் வருது.

நிமிர்ந்து பாத்தா எம்பொண்ணு. உள்ள அவ அம்மா இருக்கா, நேரா உள்ள போயிருக்கலாம். போகலை. மத்த மனுதாரர்களோட பெஞ்சுல உட்கார்ந்து, தன் முறை வர்ற வரைக்கும் காத்திருந்து வந்திருக்கா. அதுல எனக்கு ஒரு சின்னத் திருப்திகூட இருந்துச்சு, வளர்ப்பு அப்படின்னு. அப்புறம்தான் இடது கை மணிக்கட்டுல மாவுக்கட்டைப் பாத்தேன். கண்ணுக்குக் கீழ ஒரு மஞ்சள். பழைய அடி ஆறும்போது அந்த நிறம் வருமாம்.

என்னம்மா இதுன்னேன். பெஞ்சு மொத்தமும் தண்ணிக் குழாயை மறந்துட்டு எங்களைப் பாக்குது. ‘ஆஸ்பத்திரியில கேட்டா, வீட்டுக் குளியலறையில வழுக்கி விழுந்தேன்னு சொல்லச் சொன்னாங்கப்பா. சொன்னேன். உங்ககிட்டயும் அதையே சொல்லணுமா?’ன்னு கேட்டா. நான் சொன்னேன், அப்புறம் பேசிக்கலாம், உள்ள போம்மான்னு. உள்ள போனா. அடுத்தவரைக் கூப்பிட்டேன். மாடிப்படிக்காரர். அவர் சொன்னது ஒண்ணும் என் காதுல ஏறலை. அவருக்கு என்ன எழுதிக் கொடுத்தேன்னும் தெரியலை. மறுநாள் அவர் பக்கத்து வீட்டுப் படியை இடிக்க ஆள் கூட்டிட்டு வந்துட்டாராம்.

மாப்பிள்ளைக்குப் போன் பண்ணினேன். அவர் குணம் தெரிஞ்சதுதானே, வாய் நிறைய மாமான்னுதான் கூப்பிடுவார். ‘குளியலறையில வழுக்கிடுச்சு மாமா. நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன், பாத்து நடன்னு’ன்னு அவ்வளவு கவலையாச் சொன்னார். பெண் சொல்றது ஒண்ணு, மாப்பிள்ளை சொல்றது ஒண்ணு. பொது வாழ்க்கையில இருக்கிறவன் ரெண்டு பக்கமும் கேக்கணும். கேட்டேன். யோசிச்சேன். குளியலறைங்கறதுதான் எல்லாருக்கும் நல்லதுன்னு பட்டுச்சு.

ஆகையால் சம்பந்தி, பொதுப்பணிக் குழுவில் இருந்த அனுபவத்தில் தங்களுக்கு ஒரு யோசனை. தங்கள் வீட்டுக் குளியலறைத் தரையை மாற்ற வேண்டும். வழவழப்பான ஓடு பார்வைக்குத்தான் அழகு. சொரசொரப்பான ஓடு போடுங்கள், சுவரில் பிடிமானத்துக்கு ஒரு கம்பி வையுங்கள். கண்ணுக்குக் கீழே பட்டது அலமாரிக் கதவு என்று மாப்பிள்ளை சொன்னார், அப்படியானால் அலமாரிக் கதவுகளுக்கும் ரப்பர் வைக்கலாம். கல்யாணமான புதிதில் அவள் தோளில் பட்டது மாடிப்படி என்று ஞாபகம். அங்கே வெளிச்சம் போதாது போலிருக்கிறது. ஒரு வீட்டில் இவ்வளவு இடங்கள் ஆபத்தாக இருப்பதை நான் எந்தக் கட்டட ஆய்விலும் பார்த்ததில்லை.

இந்த யோசனையை வீட்டுல சொன்னேன். என் வீட்டுக்காரி கையில கரண்டியோட நின்னவ, அதைக் கீழ வச்சுட்டு, ‘நான் உங்களுக்கு ஓட்டே போட்டதில்லை, தெரியுமா?’ன்னா. எனக்கு இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு விளங்கலை. எந்தத் தேர்தல்லன்னு கேட்டேன். ‘எந்தத் தேர்தல்லயும்.’ பின்ன யாருக்குப் போட்டேன்னேன். ‘எதிர்த்து நிக்கறவங்களுக்கு. யாரு நின்னாலும்.’ ஓட்டுச் சாவடிக்கு என்கூடத்தான் வருவா, மை வச்ச விரலைக் காட்டிப் படம் எடுத்துக்குவோம். அந்தப் படங்களெல்லாம் முன்னறைச் சுவர்ல மாட்டியிருக்கு. போன தடவை ரொம்பக் கொஞ்சத்துல தப்பிச்சேன். சொந்த வீட்டுல ஒருத்தி குழி தோண்டிட்டே எனக்குச் சோறு போட்டிருக்கா. ஏன் இப்படின்னு கேட்டேன். ‘நீங்க தோத்தா அந்த நாற்காலி காலியாகும், அதுல உட்கார்ந்து நீங்க பேசற பேச்சும் நிக்கும்னு பாத்தேன். நடக்கலை’ன்னுட்டு உள்ள போய்ட்டா. அன்னியிலேர்ந்து எனக்குச் சாப்பாடு மேஜையில மூடி வச்சிருக்கும். ஆள் இருக்க மாட்டா.

சரி, வீட்டுக்குள்ளதான் இப்படின்னா, வெளியேயும் விஷயம் பரவிடுச்சு. ஒரு சாயங்காலம் மனு நேரத்துல பால் பூத் நடத்தற அம்மா வந்தாங்க. ‘பாப்பா வந்திருக்காமே, பாத்துட்டுப் போலாம்னு.’ பின்னாடியே தையல்காரர் சம்சாரம். அப்புறம் பஸ்ல கண்டக்டரா இருக்கற பொண்ணு, யூனிபாரத்தோட. எல்லாரும் நான் ஒட்டவச்ச குடும்பத்துப் பெண்கள். நன்றிக்காக வந்திருக்காங்கன்னு நெனச்சு டீ கொண்டுவரச் சொன்னேன். டீ வரலை. அவங்க பெஞ்சுல வரிசையா உட்கார்ந்தாங்க. நடுவுல ஓர் ஆள் உட்கார்ற அளவுக்கு இடம் விட்டிருந்தாங்க. நகர்ந்து உட்காருங்களேம்மா, இன்னும் ஆள் வருவாங்கன்னேன். ‘அது அவளுக்கு ஐயா’ன்னாங்க பால் பூத்தம்மா. எவளுக்குன்னு நான் கேக்க வேண்டியிருக்கலை. அந்தப் பெண்ணை ரெண்டு தடவை கொண்டுபோய் விட்டேன். ரெண்டாவது தடவை போனதுக்கப்புறம் அடுப்பு வெடிச்சிருச்சு. அப்பவே நான் சும்மா இருக்கலை. அடுப்புப் பாதுகாப்பு பற்றி மன்றத்துல தனித் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேத்தினேன்.

உள்ளேயிருந்து என் மகளும் வந்து எதிர் நாற்காலியில உட்கார்ந்தா. யார் கூப்பிட்டாங்கன்னு தெரியலை. பால் பூத்தம்மா மரியாதையாத்தான் கேட்டாங்க. ‘ஐயா, எங்களுக்குச் சொன்னதைப் பாப்பாவுக்கும் சொல்லுங்க. நாங்க இருந்து கேட்டுட்டுப் போறோம்.’

எனக்கு அதுல ஒரு கஷ்டமும் இல்லை சம்பந்தி. ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம்னு நடக்கறவன் இல்லை நான். தொண்டையைச் செருமிக்கிட்டு ஆரம்பிச்சேன். ஒரு அடுக்களையில ரெண்டு பாத்திரம் இருந்தா இடிக்கத்தாம்மா செய்யும். சத்தம் வருதேன்னு... அப்படின்னு சொல்லி நிறுத்திட்டேன். மறந்துபோச்சு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்ற பேச்சு. எம்பொண்ணு மாவுக்கட்டுக் கையை மடியில வச்சுக்கிட்டு, பாடம் கேக்கற மாதிரி என்னையே பாத்துட்டு இருக்கா. நான் மேஜையில பேனாவைத் தேடினேன்.

தையல்காரர் சம்சாரம் எடுத்துக் கொடுத்தாங்க. ‘ஒண்ணைத் தூக்கித் தெருவுல வைக்க முடியுமா.’ கண்டக்டர் பொண்ணு அடுத்த அடியைச் சொன்னா. கடைசி அடியை மூணு பேரும் சேர்ந்தே சொன்னாங்க, கேலியா இல்லை, மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி. நசுங்கினா நசுங்கட்டும், நம்ம பாத்திரம் நம்ம வீட்டுல இருக்கணும்.

அப்புறம் தையல்காரர் சம்சாரம் வாயைக் கொஞ்சம் திறந்து காட்டினாங்க. கீழ் வரிசையில ரெண்டு பல் இல்லை. ‘நீங்க விட்டுட்டுப் போன அந்த வாரம் ஐயா. ஆனா நீங்க சொன்ன மாதிரியே குடும்பம் ஒட்டிக்கிச்சு. குறை சொல்ல வரலை.’ எழுந்து போயிட்டாங்க. போகும்போது கண்டக்டர் பொண்ணு எம்மகள் தோள்ல கை வச்சுட்டுப் போனா. நன்றி தெரிவிக்கத்தான் வந்தாங்கன்னு இப்பவும் நினைக்கிறேன். பல் கட்டிக்கலாம். இந்தக் காலத்துல நிஜப் பல் மாதிரியே கட்டறாங்க. அன்னிக்கு மத்த மனுதாரர்கள் யாரும் மனு கொடுக்காமலே போயிட்டாங்க.

இதற்கு நடுவில் கட்சிச் செயலாளர் வேறு. இந்தத் தடவை நகராட்சித் தலைவர் பதவிக்கு என்னைத்தான் நிறுத்துவது என்று முடிவாகியிருக்கிறது. ‘சிதறாத குடும்பம், சீரான நகரம்’ என்பது கோஷம். போஸ்டரும் அடித்தாயிற்று. நடுவில் நான், ஒரு பக்கம் வீட்டுக்காரி, மறுபக்கம் மகள், பின்னால் மகளின் தோளில் கை வைத்தபடி மாப்பிள்ளை. செயலாளர் வந்தார், முன்னறையில் உட்கார்ந்தார், மகளைப் பார்த்தார். ‘அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. போஸ்டர்ல இருக்கற எல்லாரும் அறிவிப்புக் கூட்டத்துல மேடையில இருக்கணும். பாப்பா அவங்க வீட்டுலேர்ந்து மாப்பிள்ளையோட கார்ல வந்து இறங்கணும். முழுக்கை ரவிக்கை போட்டா கட்டு தெரியாது’ன்னார். அவரும் மகளைப் பெத்தவர்தான், அதனால அந்த ரவிக்கையைப் பத்திச் சொல்லும்போது என்னைப் பாக்காம காலண்டரைப் பாத்துத்தான் சொன்னார்.

நானும் அன்னிக்கே மகள்கிட்ட பேசிட்டேன். பெரிய வாக்குவாதம் வரும்னு பயந்து, எழுதி வச்சுக்கிட்டுப் போனேன். படிக்க வேண்டியே வரலை. ‘நீங்க போகச் சொன்னா போறேம்பா’ன்னா. அவ்வளவுதான். பெட்டியில துணியை அடுக்க ஆரம்பிச்சுட்டா, ஒத்தைக் கையால. சின்ன வயசுல எதுக்கெடுத்தாலும் மல்லுக்கு நிக்கிற பெண் அது. ஐஸ் வேணும்னா வாங்கிக் கொடுக்கற வரைக்கும் நடுரோட்டுல உட்கார்ந்துக்கும். இவ்வளவு அடக்கம் எங்க வந்ததுன்னு யோசிச்சேன். எல்லாம் தங்கள் வீட்டில் கற்றுக்கொண்டதாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே, சம்பந்தி அவர்களே, வருகிற வெள்ளிக்கிழமை காலை நானே மகளை அழைத்துவந்து தங்கள் வீட்டு வாசலில் விடுகிறேன். நடந்ததை யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். மாப்பிள்ளையிடம் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. தங்களிடம் மட்டும் ஒன்று. தாங்கள் அவர்கள் அறைக்குப் பக்கத்து அறையில் கொஞ்ச காலம் படுத்துக்கொள்ள முடியுமா? தங்களுக்குத் தூக்கம் குறைவு என்று கேள்விப்பட்டேன், அதனால் சொல்கிறேன். ஏதாவது விழுகிற சத்தம் கேட்டால் கதவைத் தட்டிப் பாருங்கள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லாவிட்டால் இன்னும் நல்லது. தரை வேலையையும் மறக்க வேண்டாம்.

தாங்களும் தங்கள் குடும்பமும் எல்லா வளமும் பெற்று, இரு வீட்டு உறவும் ஒரு வீடாக நிலைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும் மாப்பிள்ளைக்கு என் ஆசிகளையும் சொல்லி முடிக்கிறேன்.

என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட சம்பந்தி,
வார்டு கவுன்சிலர்

பின்குறிப்பு: கடிதத்தை மடிச்சு உறையில போட்டு ஒட்டப்போற நேரத்துல மகளோட போன் அடிச்சது. அந்தப் போன் ரெண்டு நாளா என் மேஜையிலதான் கிடக்குது. ‘அடிச்சா நீங்களே எடுத்துப் பேசிக்கோங்கப்பா, எனக்கு வேண்டாம்’னு வச்சுட்டுப் போயிருந்தா. எடுத்தேன். நான் ஹலோ சொல்றதுக்குள்ள அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பமாயிடுச்சு. முதல்ல வேற யாரோ தப்பா போட்டுட்டாங்கன்னு நெனச்சேன். மாப்பிள்ளை குரல் எனக்கு அப்படித் தெரியாது. கத்தலை. சாமான் வாங்கிட்டு வரச் சொல்ற மாதிரி நிதானமாப் பேசினார்.

அவர் சொன்னதுல எழுதக்கூடியதை மட்டும் எழுதறேன். ‘எத்தனை நாளைக்குடி அங்க உட்கார்ந்திருப்ப? உங்கப்பன் வச்சுக்குவான்னு நெனச்சியா? ஊரான் பொண்ணையெல்லாம் கொண்டுபோய் விடறவன், தன் பொண்ணைக் கொண்டுவந்து விடமாட்டானா? எப்படியும் அவனே கூட்டிட்டு வருவான். நான் வந்து கூப்பிட வேண்டியதே இல்லை. இந்தத் தடவை முகத்துல தெரியாம பாத்துக்கறேன்.’

நான் சொன்னேன், ‘மாப்பிள்ளை, நான்தான் பேசறேன்.’

அப்புறம் அந்தப் பழைய குரல் வந்தது. ‘மாமா, நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா மாமா?’ன்னு கேட்டார்.

சாப்பிட்டேன் மாப்பிள்ளைன்னு சொன்னேன். வாய் தானாச் சொல்லிடுச்சு. போனை வச்சுட்டு, உறையிலேர்ந்து கடிதத்தைத் திரும்ப வெளிய எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை நாங்க வரலை. வேற எந்தக் கிழமையும் வரலை. நீங்களும் வர வேண்டாம். தரையை எப்படியும் வச்சுக்கோங்க. மேல எழுதினதை அடிக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை, அப்படியே அனுப்பறேன். எந்த ஆளை நம்பிக்கிட்டு உங்க மகன் அவ்வளவு நிம்மதியாப் பேசினார்னு நீங்களும் படிச்சுத் தெரிஞ்சுக்கணும்.

உள்ள போய், நீ எங்கயும் போக வேண்டாம்மான்னு மகள்கிட்ட சொன்னேன். பெட்டிப் பக்கத்துல உட்கார்ந்திருந்தவ, ‘நெஜமாவாப்பா?’ன்னா. நெஜமாத்தான்னேன். அம்மா மூஞ்சியைப் பாத்தா. அவ அம்மா என் மூஞ்சியைப் பாத்தா. ரெண்டு பேரும் நம்பின மாதிரி தெரியலை. ஓட்டுக் கேக்கப் போற இடத்துல பாத்திருக்கேன், வாக்குறுதி கொடுத்தா ஜனங்க இப்படித்தான் பாப்பாங்க. போய் வாசக்கதவைச் சாத்திப் பூட்டிட்டு, சாவியைக் கொண்டுவந்து மகள் கையில கொடுத்தேன். அதை வாங்கி வச்சுக்கிட்டு, அதுக்கப்புறம்தான் பெட்டியைத் திறந்து துணியை வெளிய எடுக்க ஆரம்பிச்சா.